ஒரு கொக்கு குறைவு

அன்று காலை அவர் சட்டையில் மூன்றாவது பட்டன் இல்லை. நான் ஊசியில் நூல்கூடக் கோத்துவிட்டேன்.

"கழட்டிக் குடுய்யா. ஒரு நிமிசம், தச்சித் தர்றேன்."

"இன்னாத்துக்கு? எப்படியும் அங்க போய்க் கழட்டிக் குச்சியில மாட்டப் போறேன். குச்சிக்கு எதுக்குடி பட்டனு?"

"வழியில நாலு பேரு பாக்க மாட்டாங்களா?"

"பாத்துட்டுப் போவட்டும். சினிமாவுக்குக் கூப்டாலும் கூப்டுவாங்க."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரர் பெயர் பலராமன். மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை. நானும் அங்கேதான் கூடை சுமக்கிறேன். சோறு வடித்துவிட்டு மற்றப் பெண்களோடு பின்னால் போனேன்.

குச்சி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஆண்கள் உப்பளத்துக்கு வெள்ளைச் சட்டைதான் போடுவார்கள். பகட்டுக்காக இல்லை. கலர்ச் சட்டையில் உப்புத் தண்ணீர் பட்டுக் காய்ந்தால் தேமல் படர்ந்த மாதிரி தெரியும். வெள்ளையில் தெரியாது. பாத்தியில் இறங்குவதற்கு முன் சட்டையைக் கழற்றி, வரப்பில் ஆளுக்கொரு சவுக்குக் குச்சி நட்டு, அதன் தலையில் மாட்டிவிடுவார்கள். தரையில் போட்டால் மத்தியானத்துக்குள் உப்பைக் குடித்து அப்பளம் மாதிரி விறைத்துக்கொள்ளும். காற்றடித்தால் சட்டைகள் கையைத் தூக்கித் தூக்கி இறக்கும். நாங்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

மத்தியானம் பெருமுக்கல் பக்கம் வானம் கறுத்தது. மழைக்கான மாதமே இல்லை அது. வாரிக் குவித்த உப்பு ஒரு மழையில் கரைந்து ஓடிவிடும். எல்லாரும் ஓலை எடுத்து மூட ஓடினோம். ஓலைக் கட்டுகள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கிடந்தன. வாய்க்காலின் குறுக்கே இரண்டு பனைமரத் துண்டுகள் போட்டிருக்கும். அதுதான் எங்கள் பாலம். அதில் ஒன்று நடுவில் உளுத்திருந்தது. அவர் ஓலைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தபோது அது முறிந்தது. மதகுக் கல்லில் தலை பட்டது. முட்டளவுத் தண்ணீர்தான். தூக்கியபோது மழை நின்றுவிட்டிருந்தது.

அந்தப் பனந்துண்டை ஏன் யாரும் மாற்றவில்லை என்று ஊருக்கு வெளியே உள்ளவர்கள் கேட்கிறார்கள். அதைச் சொல்ல வேண்டுமானால் இந்திய நாட்டு உயிரினங்களின் நிலவரத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் உயிர்ப்பன்மைக் குறிகாட்டி இயக்ககம் என்ற அலுவலகத்திலிருந்து ஜீப்பில் வந்தார்கள். எங்கள் பகுதியில் நான்கு மஞ்சள் கல் நட்டார்கள். நடுவில் உள்ள இடத்துக்கு நிலைச் சதுரம் என்று பெயர். உப்பளத்தில் எங்கள் வரிசையும் வாய்க்காலும் பாலமும் அதற்குள் போய்விட்டன. அதன்பிறகு கிராம சபையில் இயக்குநர் முனைவர் தட்சணாமூர்த்தி பேசினார். நன்றாகப் பேசுவார். கையில் பேப்பர் இல்லாமல் பேசுவார்.

"ஒரு நாட்டின் உயிர்வளம் எப்படி இருக்கிறது என்று எப்படி அறிவது? எல்லா உயிரையும் எண்ண முடியுமா? முடியாது. ஜுரம் பார்க்க உடம்பு முழுக்கவா தெர்மாமீட்டர் வைக்கிறோம்? ஒரே ஒரு இடத்தில் வைக்கிறோம். இந்தியா என்னும் இந்த மாபெரும் உடம்புக்கு உங்கள் ஊர்தான் அக்குள்."

எல்லாரும் கை தட்டினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொளஞ்சியம்மாள் மட்டும், "நாத்தம் புடிச்ச எடம்னு எவ்ளோ மரியாதையா சொல்றாரு பாரு" என்றாள்.

எங்கள் ஊர்த் தெர்மாமீட்டர் பெரிய வெண்கொக்கு. சதுரத்துக்குள் எத்தனை கொக்கு நிற்கிறது என்று எண்ணுவார்கள். அது கூடினால் நாடு நலம். குறைந்தால் நாட்டுக்கு ஜுரம்.

பஞ்சாயத்துத் தலைவர் தேசப்பன் எழுந்தார். "அய்யா, எல்லாம் சரிங்க. அந்தப் பனமரப் பாலம் உளுத்துப் போயிருக்குது. ரெண்டு சிமெண்டு பலகை போட்டுக்கிறோம். உங்க சதுரத்துக்குள்ள வருதாம். ஒரு கடுதாசி குடுத்தீங்கன்னா போதும்."

"முடியாது" என்றார் இயக்குநர், வருத்தத்தோடு. "இந்த ஆண்டுதான் அடிப்படை ஆண்டு. இந்த ஆண்டு எது எப்படி இருக்கிறதோ அது அப்படியே இருக்க வேண்டும். எதுவும் மாறாமல் இருந்தால்தானே எது மாறுகிறது என்று தெரியும்?"

"மரம் உளுத்துக்கினே போவுதே சார். அது மாறுறது இல்லீங்களா?"

"அது இயற்கையான மாற்றம். அதை இயக்ககம் வரவேற்கிறது."

பாலத்தின் ஓரத்தில் ஒரு கம்பம் நட்டு அதில் கேமரா மாட்டினார்கள். பாலத்தைக் கடக்கிற ஒவ்வொரு ஆளையும் அது எண்ணும். அந்தக் கணக்குக்குப் பெயர் மனித இடையூறு. தினமும் அதிகமாகக் கடப்பவர் என் வீட்டுக்காரர்தான். மதகைத் திறந்து மூடுவதும் அவர் பொறுப்பு. வீட்டுக்கு வந்து சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுச் சொல்வார்: "இன்னிக்கி நாட்டுக்கு நல்லா தொந்தரவு குடுத்துட்டேன் சாமுண்டி. சோறு போடு." கேமராவைத் தாண்டும்போது ஒரு சலாமும் வைப்பாராம். குழந்தைசாமி அண்ணன் சொன்னார். அவர்கள் இருவரும் ஒரே பாத்தியில் எதிரெதிரே உப்பு வாரியவர்கள்.

இயக்ககம் எங்கள் கொக்குகளை வைத்துப் பல உண்மைகளைக் கண்டுபிடித்தது. எங்கள் கொக்குகள் மழைக்காலத்தில் ஒன்றுகூட இருக்காது. தை பிறந்ததும் ஒரே நாளில் வந்து சேரும். அமாவாசைக்கு அமாவாசை மொத்தமும் காணாமல் போகும். மறுநாள் அதே எண்ணிக்கையில் அதே இடத்தில் நிற்கும். மத்தியானச் சோற்று வேளையிலும் பறக்காது. மரக்காணத்து வெண்கொக்கும் நிலவின் ஈர்ப்பும் என்று இயக்குநர் எழுதிய கட்டுரைக்காக அவரை வெளிநாட்டுக்கு அழைத்தார்கள். தேசப்பன் அவருக்கு மாலை போட்டார். அமாவாசை உப்பளத்துக்கு லீவு என்பது அந்த வெளிநாட்டில் யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. எங்களுக்குத் தெரியும். ஆனால் கொக்குக்கும் லீவுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் போன பிறகு அவருடைய சட்டை வரப்பில் அப்படியே குச்சியில் இருந்தது. தொட யாருக்கும் கை வரவில்லை. அதன் எதிரே நின்றுதான் குழந்தைசாமி அண்ணன் தினமும் உப்பு வாரினார். காரியம் முடிந்த மறுநாள் அதை எடுத்து மடித்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார்.

"காத்துல ஆடுது தாயி. கூப்புடுற மாதிரியே இருக்குது" என்றார்.

பாலத்தை மாற்றக் கேட்டு நான் மனு எழுதினேன். என் கணவர் இந்தப் பாலம் முறிந்து இறந்தார், இனி ஒருவர் இறக்கக் கூடாது என்று எழுதினேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள், தப்பில்லாமல்தான் எழுதியிருப்பேன். பதில் வந்தது. பாலப் பகுதியில் மனித இடையூறு குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருப்பதை இயக்ககம் மகிழ்ச்சியுடன் குறித்துக்கொண்டது. இதற்கு என் குடும்பம் அளித்த ஒத்துழைப்புக்கு நன்றி சொல்லியிருந்தது.

கொளஞ்சியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். "இன்னும் கொஞ்சம் ஒத்துழைச்சா சால்வை போத்துவாங்க போல" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தேன். சிரித்த கையோடு முறிந்த துண்டின் மேல் இன்னொரு பழைய கட்டையைத் தூக்கிப் போட்டு, அதன் மேலேயே கூடையோடு நடந்தோம். வேறு வழி இல்லை. அந்தக் கட்டையும் ஆடியது.

ஒரு வாரம் கழித்து ஜீப் என் வீட்டு வாசலில் வந்து நின்றது. இயக்குநர், அவரோடு நிவேதா. நிவேதா கிளியனூர்ப் பெண். தினமும் தொலைநோக்கியில் கொக்கு எண்ணுகிற தற்காலிக வேலை. கண்ணாடி போட்டிருப்பாள். இயக்குநரின் முகத்தில் உண்மையான துக்கம் இருந்தது. என் மனு கடைசியில் யாரோ ஒருவர் மனசைத் தொட்டுவிட்டது என்று நினைத்துப் பாயை விரித்தேன்.

"இழப்பு பெரிய இழப்பும்மா" என்றார்.

"ஆமாங்க சார்."

"உங்களுக்கு மட்டும் இல்ல. நாட்டுக்கே."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அரசாங்கத்திலிருந்து ஒருவர் இப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"வாய்க்காலுக்குப் பக்கத்து வரப்புல, மதகுலேர்ந்து வலது பக்கம். அதானே எப்பவும் நிக்கிற இடம்?"

"அதே எடந்தான் சார். அவ்ளோ கரெக்டா சொல்றீங்களே."

"நாங்க தினமும் பாத்துட்டுத்தாம்மா இருந்தோம். கடைசியா நீங்க எப்பப் பாத்தீங்க?"

"காலையில. சைக்கிள் எடுக்கும்போது."

நிவேதா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். இயக்குநர் நிறுத்தவில்லை.

"நோய் ஏதாவது இருந்துச்சா? சாப்பாடு குறைஞ்சுதா? சோர்வா இருந்துச்சா?"

அவர் அஃறிணையில் கேட்டது எனக்கு உறுத்தவில்லை. செத்தவர்களை அப்படித்தான் சொல்வார்கள். அலுவலகங்களில் உயிரோடு இருக்கிற எங்களையும் பல தடவை அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள்.

"நல்லாத்தான் சார் இருந்துது. காலையில கூழு குடிச்சிட்டு சிரிச்சிக்கினேதான் போச்சி."

"இணையோட ஒற்றுமையா இருந்துச்சா?"

"நான் ஒரு நாளும் கோவிச்சிக்கினு எங்க அம்மா வீட்டுக்குப் போனதில்ல சார்."

அதற்கு மேல் நிவேதாவால் தாங்க முடியவில்லை. "சார்" என்று மெதுவாகச் சொன்னாள். "அவங்க அவங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொல்றாங்க சார்."

இயக்குநர் என்னை முதல் தடவையாகப் பார்த்தார். "நான் கொக்கைப் பத்திக் கேக்கறேன்மா" என்றார். "நிலைச் சதுரத்துல அடிப்படை ஆண்டுலேர்ந்து நாற்பத்தொரு கொக்கு. போன மாசத்துலேர்ந்து நாற்பது. மதகுப் பக்கத்துக் கொக்கைக் காணோம்."

அவர்கள் போனதும் விரித்த பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்தக் கொக்கின் மேல்தான் கோபம் வந்தது. அது இருந்த இடத்தில் இருந்திருந்தால் இந்த மனிதர் என்னைத் தேடி வந்திருக்கவே மாட்டார்.

காணாமல் போன கொக்குக்கு ஈ.சி.ஆர். ரோட்டோரத்தில் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். இயக்ககத்தின் எண்ணும் பந்தல் அங்கேதான் இருக்கிறது. மின்விசிறி உண்டு. அடிப்படை ஆண்டில் இயக்குநரே நேரில் எண்ணினார். அன்று வெயில் அதிகம் என்பதால் ஜீப்புக்குள் இருந்தபடி எண்ணினார் என்று டீக்கடைக்காரர் சொல்வார். பின்னால் வேலைக்குப் போகிற பெண்கள் எல்லாரையும் அஞ்சலிக்கு நிறுத்திவைத்தார்கள். பந்தலுக்குப் பின்னால், டீக்கடைச் சாக்கடையில், நாலைந்து வெள்ளைக் கொக்குகள் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தன. அவை சதுரத்துக்கு வெளியே இருப்பதால் உயிரினங்களில் சேராது.

இயக்குநர் பேசினார். "ஒரு கொக்கு போனால் போகட்டும் என்று விட்டுவிட முடியாது. ஒவ்வொரு உயிரும் ஒரு தரவு. ஒரு தரவு நம்மை விட்டுப் பிரிந்திருக்கிறது. அதை நாம் காப்பாற்றத் தவறினோம். ஏன் தவறினோம் என்று கண்டுபிடிக்கும்வரை எனக்கு உறக்கமில்லை."

இரண்டு நிமிஷம் மௌனம். நானும் தலை குனிந்து நின்றேன். மனசுக்குள் என் ஆளை நினைத்துக்கொண்டேன். எப்படியும் எல்லாரும் சும்மா நிற்கிறார்கள், வீணாகப் போவானேன் என்று நினைத்தேன்.

முடிந்ததும், பொதுமக்களுக்கு விழிப்புணர்வு வேண்டும் என்று தொலைநோக்கியில் பார்க்கச் சொன்னார்கள். முதலில் என்னைக் கூப்பிட்டார் இயக்குநர். நெருங்கிய சாட்சி என்ற முறையில்.

கண்ணை வைத்தேன். ஆண்கள் ஏற்கெனவே பாத்தியில் இறங்கியிருந்தார்கள். கானலில் எல்லாம் நெளிந்தது. வரப்பில் வெள்ளையாக, உயரமாக, ஒற்றைக் காலில் ஒன்று நின்றது. சிறகை ஒரு தடவை தூக்கி இறக்கியது. இன்னொரு தடவை தூக்கியபோது கக்கத்தில் நீல நூலில் போட்ட ஒட்டுத் தெரிந்தது.

"சார், இது குழந்தைசாமி அண்ணன் சட்டை."

தொலைநோக்கியைக் கொஞ்சம் நகர்த்தினேன்.

"பக்கத்துல இருக்கிறது அவரு தம்பிது. அந்தக் காலர் கிழிஞ்சது மேரிசெல்வி வீட்டுக்காரருது." நான் கண்ணை எடுக்காமல் குச்சி குச்சியாகப் பார்த்துக்கொண்டே போனேன். வாய்க்கால் வந்தது. மதகு வந்தது. அதன் வலது பக்கம் ஒரு குச்சி மட்டும் வெறுமனே நின்றது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, இரண்டு நிமிஷம் யாருக்காக நின்றோம் என்று.

இயக்குநர் கூட்டத்தை அனுப்பிவிட்டு என்னைப் பந்தலுக்குள் உட்கார வைத்தார். மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். கோபமே இல்லை அவருக்கு.

"சட்டையாக இருக்கலாம்மா" என்றார். "நான் மறுக்கல. ஆனா குறிகாட்டிங்கிறது பறவையைக் காட்டறதுக்கு இல்ல. போக்கைக் காட்டறதுக்கு. முதல் வருஷம் எதை எண்ணினோமோ அதைத்தான் கடைசி வரைக்கும் எண்ணணும். அதுதான் அறிவியல் நேர்மை. இன்னிக்கு நான் சட்டையைச் சட்டைன்னு எழுதினா என்னாகும்? ஒரே நாள்ல இந்தியாவுல நாற்பது கொக்கு செத்துப்போகும். அந்தப் பாவத்தை நான் செய்யமாட்டேன். நான் உயிர்களை நேசிக்கிறவன்."

"எங்க வூட்டுக்காரரு செத்தது சார்?"

"அது வேற துறை."

அவர் போன் பேச எழுந்து போனதும் நிவேதா என் பக்கம் குனிந்தாள். "அக்கா, எனக்கு மொத வாரமே தெரியும். சொன்னேன். உனக்குக் கண்ணு சரியில்லன்னு சொல்லி ஆபீஸ் செலவுல கண்ணாடி வாங்கிக் குடுத்துட்டாரு. வெறும் கண்ணாடி அக்கா இது. பவரே கிடையாது."

"அப்பறம் ஏன்டி போட்டுக்கினு இருக்க?"

"போட்டாத்தான் வேலை" என்றாள்.

மறுநாளே இயக்குநர் நேராக விஷயத்துக்கு வந்தார். டெல்லியிலிருந்து மறு ஆய்வுக் குழு வருகிறது, கூட ஒரு வெளிநாட்டுக்காரரும். நாற்பத்தொன்று இருந்தாக வேண்டும். என் வீட்டில் இருக்கும் அந்தச் சட்டையை மதகுப் பக்கத்துக் குச்சியில் மாட்டிவிட்டால் போதும். வேறு சட்டை கூடாதா என்று கேட்டேன். கூடாதாம். சிறகு விரிப்பின் அளவு அடிப்படை ஆண்டோடு ஒத்துப்போக வேண்டுமாம்.

"பாலம் போடுங்க சார். யோசிக்கிறேன்" என்றேன்.

"பாலம் போட்டால் அடிப்படை கெட்டுவிடும்மா. அதைத்தானே முதல் நாளிலிருந்து சொல்கிறேன்."

அவர் போனதும் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உப்பு வாசனை இருந்தது. அவர் உயிரோடு இருந்தபோது ஒவ்வொரு தடவை பாலம் கடந்ததும் நாட்டுக்குக் கெடுதல். அவர் சட்டை குச்சியில் தொங்கினால் நாட்டுக்கு நன்மை. செத்தது இடையூறு குறைந்ததாக ஒரு பக்கம், கொக்கு குறைந்ததாக இன்னொரு பக்கம். அந்த இரண்டாவது கணக்கில்தான் அவர் போனது ஒரு குறையாக எழுதப்பட்டிருந்தது. இப்போது அதையும் சரிக்கட்டச் சொல்கிறார்கள்.

மாட்டமாட்டேன் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அதற்கு மேல் செய்ததெல்லாம் கொளஞ்சியம்மாளின் யோசனை.

"ஒரு கொக்கு கொறைஞ்சதுக்கே பொழுதுக்கும் ஜீப்பு வருதே" என்றாள். "மொத்தமும் கொறைஞ்சா?"

ஆண்கள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. சட்டையோடு பாத்தியில் இறங்கினால் சட்டை போய்விடும் என்றார்கள். "போவட்டும், பாலத்துல ஆளு போறதுக்கு சட்டை போறது மேல்" என்றாள் கொளஞ்சியம்மாள். குழந்தைசாமி அண்ணன்தான் முதலில் தலையாட்டினார்.

குழு வந்த அன்று ரோட்டோரத்தில் ஷாமியானா, வாழைமரம், கொக்குப் படம் போட்ட பேனர். சதுரத்தில் நாற்பத்தொரு குச்சியும் மொட்டையாக நின்றன. ஆண்கள் சட்டையை மடித்துத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டு குனிந்து உப்பு வாரினார்கள். அங்கே நடந்ததை நிவேதா பிறகு சொன்னாள். டெல்லிக்காரர் தொலைநோக்கியில் வெகுநேரம் பார்த்தாராம். "எங்கே?" என்றாராம்.

"அமாவாசை" என்றாராம் இயக்குநர்.

"போன வாரம்தானே அமாவாசை?"

"நிலவின் ஈர்ப்பு மாறிவருகிறது. நான் எச்சரித்துக்கொண்டேதான் இருக்கிறேன்."

அப்புறம் இயக்குநர் ரோட்டைக் கடந்து, வரப்பேறி, நடந்தே வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் சதுரத்துக்குள் கால் வைத்தது அன்றுதான். ஷூவில் சேறு அப்பியிருந்தது. நாங்கள் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்றோம். அவர் அந்தப் பக்கம். நடுவில் பாலம். ஒரு காலை எடுத்துக் கட்டையின் மேல் வைத்தார். அது முனகிக்கொண்டு சாய்ந்தது. காலை எடுத்துவிட்டார்.

"வாங்க சார், வாங்க" என்றாள் கொளஞ்சியம்மாள். "இயற்கையான மாற்றந்தான்."

வாய்க்காலுக்கு அப்பாலிருந்தே கத்தினார். "ஏம்மா, இது நியாயமா? ஒரே நாள்ல ஒரு இனத்தையே அழிச்சிட்டீங்களே!"

"பாலம் போடுங்க சார். திரும்ப வந்துரும்" என்றேன் நான்.

"பாலம்னு எழுத முடியாதும்மா! புரிஞ்சுக்கங்க!"

"வேற இன்னான்னு எழுத முடியும்?"

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றார். அந்த மனிதருக்குள் ஏதோ ஒன்று நன்றாக வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. "கொக்குகள் அமர்வதற்கான திட்டு" என்றார் கடைசியில். "வாழ்விட மீட்பு. அதற்கு விதி இருக்கிறது. வாய்க்காலின் குறுக்கே, சிமெண்டில், இரண்டு பக்கமும் கைப்பிடியோடு கட்டலாம்."

"கொக்குக்குக் கைப்பிடி எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா?" என்றார் குழந்தைசாமி அண்ணன்.

"இதுவரைக்கும் எதையும் கேட்டதில்ல" என்றார் இயக்குநர். அவர் பேசியதிலேயே எனக்குப் பிடித்த வாக்கியம் அதுதான்.

"மனுசங்க அது மேல நடந்தா?" என்றேன்.

"நடப்பதை இயக்ககம் கவனிக்காமல் இருக்கும். கேமராவை வேறு பக்கம் திருப்பிவிடுகிறோம். இப்போது சட்டையை மாட்டச் சொல்லுங்கள். அவர்கள் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள்."

"இன்னிக்கி மாட்ட மாட்டாங்க. திட்டு வந்த அன்னிக்கி மாட்டுவாங்க."

"என் வேலை போய்விடும்மா!"

"அது வேற துறை சார்" என்றேன்.

வேலை போகவில்லை. மரக்காணத்தில் பெரிய வெண்கொக்கு முற்றாக அழிந்ததாக டெல்லிக்காரர் அறிக்கை கொடுத்தார். அழிந்துபோன இனத்துக்கு அவசர நிதி உடனே வருமாம். இருக்கிற இனத்துக்குத்தான் தாமதமாகுமாம். அந்த வருஷத்து உப்பு வேலை முடிந்த கையோடு, அடுத்த மழைக்கு முன் திட்டு வந்துவிட்டது. அகலமாக, கெட்டியாக, இரண்டு பக்கமும் கைப்பிடியோடு. வெண்கொக்கு அமர்விடம், மனிதர்கள் அணுக வேண்டாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். நாங்கள் அந்தப் பலகையின் மேல்தான் சோற்றுத் தூக்குகளை மாட்டிவைக்கிறோம். கூடையோடு இரண்டு பேர் எதிரெதிரே வந்தாலும் ஒதுங்க இடம் இருக்கிறது.

தை பிறந்ததும் சட்டைகள் குச்சிக்குத் திரும்பின. அழிவின் விளிம்பிலிருந்து ஓர் இனத்தை மீட்டதற்காக இயக்குநருக்கு விருது கொடுத்தார்கள். வாங்கிய கையோடு என் வீட்டுக்கு வந்தார். சால்வையும் கொண்டுவந்திருந்தார். கொளஞ்சியம்மாள் சொன்னது பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"திட்டு போட்டாச்சும்மா. நாற்பதும் வந்தாச்சு. அந்த ஒண்ணு?"

"அது வராது சார்."

"திட்டு வந்தா மாட்டுவாங்கன்னு சொன்னீங்களே?"

"மாட்டுவாங்கன்னுதான் சொன்னேன். மாட்டிட்டாங்க. மாட்டுவேன்னு சொல்லல."

"ஒண்ணு குறையுதும்மா. வரைபடத்துல கோடு ஒரு படி இறங்கி அப்படியே நிக்குது. எல்லாக் கூட்டத்துலயும் அதைத்தான் கேக்கறாங்க. மதகுப் பக்கம் என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னு. நான் என்ன பதில் சொல்றது?"

"கேக்கட்டும் சார்" என்றேன். "குறைஞ்சுதானே இருக்குது."

சால்வையைத் திரும்பக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொள்ளவில்லை. போய்விட்டார்.

அதற்குப் பிறகும் வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் அனுப்புகிறார். நிவேதாதான் வருகிறாள், கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு. சட்டையைக் கேட்டதாக எழுதிக்கொள்ளட்டுமா அக்கா என்பாள். எழுதிக்கோ என்பேன். தரவில்லை என்று எழுதிக்கொள்ளட்டுமா என்பாள். அதையும் எழுதிக்கோ என்பேன். டீ குடித்துவிட்டுப் போவாள். தேசத்தின் கணக்கில் மதகுக்கு வலது பக்கம் இன்றைக்கும் ஒன்று குறைவு.

சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. மூன்றாவது பட்டன் இல்லை.